ஞாபக தேவதை எங்கே போனாள்?

போட்டி நிறுவனம் இருந்த எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து தொங்கிய பேனரைப் பம்பரம் நான்காவது தடவையாகப் படித்தான். ‘விரைவில்! மெயிலில் ஒன்பது புதுமைகள்!’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஒன்பதையும் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அதே ஒன்பது. இந்தக் கட்டடத்தில், இன்று மாலை நாலு மணிக்கு, மேடை, விளக்கு, கைதட்டல் சகிதம் உலகத்துக்கு அறிவிக்கப்படவிருந்த அதே ஒன்பது.

“அக்கா, இவங்க பெத்த பிள்ளைக்கு அவங்க பேர் வச்சிட்டாங்க.”

“ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் வா. வெளிச்சத்தை மறைக்கிற” என்றாள் லென்ஸ் அக்கா.

லென்ஸ் அக்கா தன் வாழ்நாளில் லென்ஸ் என்று எதையும் வைத்திருந்ததில்லை. மூக்குக் கண்ணாடிகூடக் கிடையாது. துப்பறிகிறவள் என்றால் கையில் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது; அவளும் மறுத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். பம்பரம் அவளைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனால் தப்பு செய்தால் திட்டுகிறவள் அவள் என்பதால் அவள் அக்கா. பதினைந்து வருஷம் கூரியர் பையோடு மாடிப்படி ஏறி இறங்கியவன் அவன். ஒரே இடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நின்றால் உள்ளங்கால் குறுகுறுக்கும்.

இன்று அது காலையிலிருந்தே குறுகுறுத்துக்கொண்டிருந்தது. கடிகாரம் இரண்டு பத்து காட்டியது.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஒரு மணி இருபது நிமிஷம்தான் பாக்கி. மெயில் மென்பொருள் செய்கிற இந்த நிறுவனத்தின் டெஸ்டர். புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும், அதில் எங்கே ஓட்டை என்று குடைந்து பார்ப்பது அவள் வேலை. ஒன்பது வசதிகளின் பட்டியல் நேற்று அவள் மெயில் கணக்கிலிருந்துதான் எதிர்க் கட்டடத்துக்குப் போயிருக்கிறது. அவள் முன்னால் ஒரு தாள் கிடந்தது. ‘குற்றத்தை ஒப்புக்கொண்டு விலகுகிறேன்’ என்று டைப் செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். மூன்றரைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அவள் பெயரை மேடையிலேயே சொல்லிவிடப் போவதாக எம்.டி. எச்சரித்திருந்தார்.

“போட்டாலும் போச்சு, போடாட்டியும் போச்சு” என்றாள் டெஸ்டர். அழுது முடித்த குரல். “ரகசியத்தை வித்தவள்னு பேர் வந்துட்டா, அப்புறம் யாரு மேடம் என்கிட்ட ஒரு மெஷினைக் குடுத்து சோதிச்சுப் பாருன்னு சொல்லுவாங்க?”

“உங்க பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது. ஆனா நான் கணக்கைத் திறக்காத மெஷினே இந்த ஆபீஸ்ல இல்ல. அறுபத்திரண்டு மெஷின். ஏதாவது ஒண்ணுல மூடாம விட்டிருக்கலாம். வேலை அப்படி.”

“எந்த மெஷின்லேர்ந்து போச்சுன்னு சர்வர்காரர் சொல்லமாட்டாரா?” என்று பம்பரம் கேட்டான்.

“கேட்டேன். ஆபீசுக்குள்ளேயிருந்துதான் போயிருக்காம். எந்த மெஷின்னு காட்டுற வசதி இன்னிக்கு வர்ற பதிப்பு ஒன்பதுல இல்லையாம், பத்துலதான் வருதாம்.”

“அதுவரைக்கும் திருடனைக் காத்திருக்கச் சொல்லுங்க.”

அக்கா அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டு, காலை மட்டும் ஆட்டினான்.

“கடிதம் போனது நேத்து மதியம் ஒண்ணு பத்துக்கு. அப்ப எல்லாரும் எங்க இருந்தீங்க?”

“பெரிய ஹால்ல. எம்.டி. நேர்மையைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசினார். லைட்டை அணைச்சிட்டுத்தான் பேசுவார். பாதிப் பேர் தூங்கினாங்களாம், மீதிப் பேர் நழுவினாங்களாம். யார் உள்ள இருந்தாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. எம்.டி. மேல மட்டும்தான் வெளிச்சம். நான் இங்க, தனியா, வேலை பார்த்துட்டிருந்தேன்.”

“நேர்மையைப் பத்திக் கேக்காம நேர்மையா வேலை பார்த்தீங்க. மாட்டிக்கிட்டீங்க” என்றான் பம்பரம்.

முதல் தடவையாக அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

“சரி, அந்தப் பட்டியல்ல அப்படி என்னதான் புதுசு? எனக்குக் காட்டுங்க” என்றாள் அக்கா.

டெஸ்டர் பதிப்பு ஒன்பதைத் திறந்தாள். வசதிகளுக்குப் பெயர் வைக்க ஒரு குழு போட்டு, மூன்று மாதம் கூடிப் பேசியிருந்தார்கள். ஒன்பது பெயரையும் எம்.டி.யே வைத்தார். கடிதம் வந்தால் மணி அடிக்காமல் நிறுத்தி வைக்கிற பொத்தானுக்கு ‘மௌன மண்டபம்’. திரையைக் கறுப்பாக்குவதற்கு ‘இருளெழில்’. இன்றைக்கு எழுதி நாளைக்குப் போகும்படி வைப்பதற்குக் ‘காலத்தேர்’.

“இது?” அக்கா விரலை வைத்தாள்.

“ஞாபக தேவதை. கடிதத்துல ‘இணைச்சிருக்கேன்’னு எழுதிட்டு, எதையும் இணைக்க மறந்துட்டா ஞாபகப்படுத்தும். அவ்வளவுதான். எனக்குப் பிடிச்சதும் இது ஒண்ணுதான்.”

அவள் அக்காவின் முகவரிக்கு ‘பட்டியலை இணைத்திருக்கிறேன்’ என்று ஒரே வரி அடித்து, அனுப்பு என்பதை அழுத்தினாள். கடிதம் போகவில்லை. திரை ஒரு குலுக்கு குலுங்கியது. இறக்கை முளைத்த ஒரு பெண் கீழேயிருந்து எழுந்து, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ‘அன்பரே, இணைப்பை மறந்தீரோ?’ என்று கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரி தினமும் கேக்கிறதுதான்” என்றான் பம்பரம். “றெக்கை மட்டும் இல்ல.”

அக்கா சிரிக்கவில்லை. பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் பரப்பினாள். டெஸ்டரின் கணக்கிலிருந்து எதிர்க் கட்டடத்துக்குப் போன கடிதங்களின் நகல். முதலாவது, ஒன்று பத்துக்கு: ‘ஐயா, பேசியபடி பட்டியலை இணைத்திருக்கிறேன்.’ அதில் இணைப்பு ஏதும் இல்லை. இரண்டாவது, ஒன்று பன்னிரண்டுக்கு: ‘மன்னிக்கவும். இணைக்க மறந்துவிட்டேன். இதோ.’ பட்டியல் அதில் இருந்தது.

பம்பரத்தின் கால் ஆடுவதை நிறுத்திக்கொண்டது.

“அக்கா... ஞாபக தேவதை எங்க போனா?”

“அதைத்தான் நானும் கேக்கிறேன். உங்க மெஷின்ல பதிப்பு ஒன்பது எப்பலேர்ந்து?”

“மூணு மாசமா. நான்தானே சோதிக்கிறேன்” என்ற டெஸ்டர் எழுந்தே விட்டாள். “இந்த மெஷின்லேர்ந்து அந்த முதல் கடிதம் இப்படிப் போயிருக்கவே முடியாது!”

“தேவதையைத் தள்ளிட்டு அனுப்பியிருக்கலாமே?” என்றான் பம்பரம். அவனுக்குச் சந்தேகம் கேட்பதும் ஒரு வேலை.

“தேவதை வந்து கேட்ட பிறகு தெரிஞ்சே அனுப்பினவ, ரெண்டு நிமிஷம் கழிச்சு ‘மறந்துட்டேன்’னு ஏன் எழுதணும்? இது பழைய பதிப்புலேர்ந்து போன கடிதம். இந்த ஆபீஸ்ல இன்னும் பழைய பதிப்பு யார்கிட்ட இருக்கு?”

“யார்கிட்டயும் இல்ல மேடம். திங்கட்கிழமையோட எல்லாரும் மாறியாச்சுன்னு எம்.டி. சான்றிதழே மாட்டி வச்சிருக்கார்.”

“சான்றிதழ் மாட்டியிருக்குன்னா கண்டிப்பா ஒருத்தர் மாறல” என்றாள் அக்கா. “கிளம்பு பம்பரம்.”

கிளம்பு என்ற சொல்லுக்குத்தான் அவன் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தான்.

பெரிய ஹாலில் எம்.டி. ஒத்திகையில் இருந்தார். சட்டையில் மைக் குத்திக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. அலுவலகத்தில் எல்லோரும் அவரை மச்சான் என்றே குறிப்பிட்டார்கள். அடையாள அட்டையில் ‘சிறப்பு ஆலோசகர்’ என்று இருந்தது. கதவு திறப்பது, கோப்பைப் பிடித்துக்கொள்வது, எம்.டி. தேடுமுன் பேனாவை நீட்டுவது, இதெல்லாம் அவர் வழங்கிய ஆலோசனைகள்.

“அந்தப் பட்டியல் கோப்பு எத்தனை பேர்கிட்ட இருந்தது சார்?” என்று அக்கா கேட்டாள்.

“நாலே பேர். அந்தப் பொண்ணு, சர்வர்காரர், விளம்பர மேனேஜர், நான்.” எம்.டி. மார்பைத் தொட்டுக்கொண்டதில் மைக் ‘டொம்’ என்றது. “ஆனா மேடம், நான் உங்களைக் கூப்பிட்டது ஒரு முறைக்காகத்தான். குற்றவாளி யாருன்னு எனக்குத் தெரியும்.”

“எனக்கு இன்னும் தெரியல. ஒரு சின்ன பரீட்சை வைக்கலாமா?”

அக்கா டைரியிலிருந்து தாள்களைக் கிழித்து எல்லாவற்றிலும் ஒரே வரியை எழுதினாள். ‘என் வாக்குமூலத்தை இணைத்திருக்கிறேன்.’ அவரவர் இடத்துக்குப் போய், இந்த வரியை மட்டும் அடித்துத் தன் முகவரிக்கு அனுப்ப வேண்டும். ஒரு எழுத்து கூடவோ குறையவோ கூடாது. வேறு எதையும் தொடக்கூடாது.

“எனக்கும் ஒண்ணு குடுங்க” என்றார் எம்.டி., கூட்டத்துக்குக் கேட்கும்படி. “என் ஆபீஸ்ல சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். பதிப்பு ஒன்பது முதன்முதல்ல ஏறினதே என் மெஷின்லதான்!”

தாளை வாங்கிக்கொண்டு கம்பீரமாக அறைக்குள் போனார். மச்சான் பின்னாலேயே போனார். அரை நிமிஷத்தில் எம்.டி. மட்டும் வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அக்காவின் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டி நின்றார்.

“முடிச்சாச்சு.”

“அதுக்குள்ளயா சார்?” என்றான் பம்பரம்.

“தொழில்நுட்பத்தோட வாழ்றவன்யா நான்.”

அக்காவின் போன் மேசைமேல் கிடந்தது. அது பேசாமல் இருந்தது. பம்பரம் அதைச் சுற்றி ஒரு நடை, ஹாலைச் சுற்றி ஒரு நடை என்று போனான். மூன்றாவது நடையில் டெஸ்டரைப் பார்த்தான். வாசலில் நின்று கைக்கடிகாரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். இரண்டு ஐம்பது.

முதலில் விளம்பர மேனேஜர் ஓடிவந்தார். “மேடம், பறக்கிற பொம்பளை ஒருத்தி வந்து நிக்கிறா! அனுப்ப விடமாட்டேங்கிறா! இது நம்ம வசதியா, வைரஸா?”

“உங்க போஸ்டர்லயே இருக்காளே சார்” என்றான் பம்பரம்.

“போஸ்டரை யாருய்யா படிச்சா?”

அடுத்தது சர்வர்காரர். குளிர் அறையிலிருந்து ஸ்வெட்டரோடு வந்து, ‘இணைப்பு எங்கேன்னு கேக்குது, என்ன பண்ணட்டும்?’ என்றார். இரண்டு பேரும் புதுப் பதிப்பு. பம்பரத்தின் மனசில் இரண்டு கோடு விழுந்தது. மிச்சம்?

அந்த நேரத்தில் அக்காவின் போன் ‘டிங்’ என்றது.

அவள் எடுத்துப் பார்த்தாள். ‘என் வாக்குமூலத்தை இணைத்திருக்கிறேன்.’ இணைப்பு இல்லை. தேவதையிடம் அனுமதி கேட்காமல் வந்த கடிதம். அனுப்பியவர்: நிர்வாக இயக்குநர்.

“மாட்டினார்யா!” பம்பரம் மேசையைத் தட்டினான். “துப்பறிய ஆள் கூப்பிட்டவரே திருடர்!”

எம்.டி.யின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. “நானா? நேத்து ஒண்ணு பத்துக்கு நான் இதே மேடையில நின்னு, இத்தனை பேர் முன்னால...”

“நேர்மையைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க. தெரியும்” என்றாள் அக்கா. “பம்பரம், கொஞ்சம் சும்மா இரு. சார், நீங்க மெயில் அனுப்பும்போது ஞாபக தேவதை வந்தாளா?”

எம்.டி. ஒரு விநாடி விழித்தார். “வந்தா. வந்தாளே. ரொம்ப... லட்சணமா இருந்தா.”

“வந்திருந்தா இந்தக் கடிதம் வந்திருக்காது. இன்னொண்ணு. இது என் போனுக்கு வந்தது இப்பத்தான். நீங்க அந்தக் கதவைச் சாத்திட்டு என் பக்கத்துல வந்து நின்னு ஆறு நிமிஷம் ஆச்சு.”

பம்பரத்துக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை குறுகுறுத்தது. அவன் யார் சொல்லுக்கும் காத்திருக்கவில்லை. நாலு எட்டில் போய் எம்.டி.யின் அறைக் கதவைத் திறந்தான்.

எம்.டி.யின் நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். முன்னால் திரையில் பழைய பதிப்பு, பழைய நீல நிறத்தில். பக்கத்தில் அக்காவின் கையெழுத்துத் தாள்.

“அனுப்பிட்டேன் அத்தான்” என்றார், தலையைத் திருப்பாமலே. திரும்பிப் பார்த்தபோது கதவில் பத்து முகம் தெரிந்தது.

டெஸ்டர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, திரையின் ஓரத்தைப் பார்த்தாள். எம்.டி.யின் கணக்குக்குக் கீழே இன்னொரு கணக்கும் திறந்து கிடந்தது. அவளுடையது.

“போன வருஷம்” என்றாள் மெதுவாக. “எம்.டி. எதையும் பேப்பர்லதான் படிப்பார்னு, இங்க வந்து என் ரிப்போர்ட்டைத் திறந்து பிரிண்ட் எடுத்தேன். மூடல. அன்னிலேர்ந்து அப்படியே இருக்கு.”

“புதுப் பதிப்பு ஏத்தியிருந்தா எல்லாக் கணக்கும் தானா மூடியிருக்கும்” என்றார் சர்வர்காரர், தன்னையும் மீறி. “எம்.டி. மெஷினைத் தொடக்கூடாதுன்னு மச்சான்தான் சொன்னார். தானே ஏத்திக்கிறேன்னார்.”

அக்கா மச்சானுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “மேல இருக்கிற பொத்தான் கீழ போயிட்டா அத்தானுக்குப் பழகாதுன்னு பயமா?”

“அவருக்கு எந்தப் பொத்தானும் பழகினதில்ல” என்றார் மச்சான். அவர் குரலில் பயத்தைவிட அலுப்பு அதிகமாக இருந்தது. “ஆறு வருஷமா இவர் பேர்ல வர்ற ஒவ்வொரு கடிதமும் நான் எழுதினது. பாராட்டு, கண்டனம், அனுதாபம், எல்லாம். மெயில் உலகத்தை மாத்தினவர்னு இவருக்கு விருது குடுத்தாங்களே, அதுக்கு நன்றிக் கடிதம்கூட நான்தான். எதிர்ல இருக்கிறவங்க எனக்குன்னு ஒரு அறையும், கதவுல என் பேரும் தர்றேன்னாங்க.”

“அந்தக் கோபத்துக்கு இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?” என்றான் பம்பரம். இந்தத் தடவை அவன் குரலில் விளையாட்டு இல்லை.

மச்சான் தன் அடையாள அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டார். டெஸ்டரின் பக்கம் பார்க்கவில்லை.

எம்.டி. கதவைச் சாத்தினார். உள்ளே அவரும் மச்சானும், டெஸ்டரும், அக்காவும், பம்பரமும் மட்டும். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மேடைக்குரலை மடித்து உள்ளே வைத்துவிட்டு, வீட்டுக்குரலில் பேசினார்.

“இது குடும்ப விஷயம். நாலு மணிக்கு வெளியாட்கள் வர்றாங்க. எனக்கே மெயில் அனுப்பத் தெரியாதுன்னு இன்னிக்கு வெளிய போனா, பதிப்பு ஒன்பதை யாரு வாங்குவா? நீங்க கையெழுத்தெல்லாம் போட வேண்டாம்மா. ஒரு மாசம் லீவுல போங்க. எல்லாம் அடங்கினதும் சத்தமில்லாம வந்து சேர்ந்துக்கலாம். நான் உங்ககிட்ட மனசார மன்னிப்புக் கேக்கிறேன். போதுமா?”

பம்பரம் அக்காவைப் பார்த்தான். அவள் டெஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் மூன்று ஐந்தைத் தாண்டி நகர்ந்தது.

“போதாது சார்” என்றாள் டெஸ்டர். “நான்தான் திருடின்னு காலையில அறுபத்திரண்டு பேருக்கு மெயில் போட்டீங்க. இந்த மன்னிப்பு நாலு பேருக்குத்தான் கேட்டுது. இதையும் எழுத்துல போடுங்க. அதே அறுபத்திரண்டு பேருக்கும்.”

“அதை நான் எழுதல. எனக்கே தெரியாது. மச்சான்தான்...” எம்.டி. பழக்க தோஷத்தில் நாற்காலிப் பக்கம் திரும்பி, “ஒரு மெயில் போட்டுடுப்பா” என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அவர் எழுதினா அவர் கடிதம்” என்றாள் டெஸ்டர். “நீங்க உக்காருங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க. மாட்டேன்னா, நாலு மணிக்கு உங்க மேடைக்குக் கீழ முதல் வரிசையில நான் உக்காந்திருப்பேன். மைக் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியும்.”

மச்சான் எழுந்து ஒதுங்கினார். எம்.டி. தன் நாற்காலியில், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, திரையைப் பார்த்து உட்கார்ந்தார். ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் விசைப்பலகைக்கு மேலே, எங்கே இறங்குவது என்று தெரியாத கொசு மாதிரி வட்டம் போட்டது.

“‘அனைவருக்கும்’னு ஆரம்பிங்க.”

“‘அ’ எங்க இருக்கு?”

பம்பரம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

ஐந்து வரிக் கடிதம். இருபது நிமிஷம் ஆனது. ‘பட்டியலை அனுப்பியது அவர் அல்ல’ என்பதற்கு மூன்று நிமிஷம். ‘என் அறையிலிருந்து, என் கவனக்குறைவால்’ என்பதற்கு ஏழு. அதில் நாலு நிமிஷம் அவர் விரல் நகராமலே இருந்தது. டெஸ்டர் அவசரப்படுத்தவில்லை. வெளியே ஹாலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வாசலில் கார்க் கதவுகள் மூடிக்கொண்டன. விளம்பர மேனேஜர் இரண்டு தடவை கதவைத் தட்டி, “சார், வந்துட்டாங்க” என்றார்.

எம்.டி. வியர்த்துப்போய் நிமிர்ந்தார். டெஸ்டர் குனிந்து முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்தாள். எதைப் படித்தாலும் ஓட்டை தேடுகிற கண்.

“மூணு இடத்துல எழுத்து மாறியிருக்கு சார்.”

“ஐயோ. திருத்திடட்டுமா?”

“வேண்டாம். அப்படியே அனுப்புங்க. நீங்களே அடிச்சதுன்னு அப்பத்தான் நம்புவாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். அடுத்த விநாடி கதவுக்கு வெளியே ஒரு ‘டிங்’, பக்கத்திலேயே இன்னொன்று, பிறகு தளம் முழுக்க மேசைக்கு மேசை தாவிக்கொண்டு போனது அந்தச் சத்தம். அது ஓய்ந்து, பேச்சுக் குரல்கள் ஒவ்வொன்றாக நின்று, நாற்காலிகள் இந்த அறைப் பக்கம் திரும்புகிற வரை டெஸ்டர் நின்றுகொண்டே கேட்டாள். பிறகு கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, தன் மேசைக்கு நடந்து போனாள்.